மூன்று பன்னிரண்டு

புக்கிட் பாத்தோக்கில் ஒரு பல்மாடிக் கார் நிறுத்தம்.
மேல்தளத்தில், மழைநீர்க் குழாயோரம்
என் சிவப்பு வாளி.
உள்ளே ஒரு சாப்பாட்டுத் தட்டு, அதன்மேல்
நெகிழித்தாள் சுற்றிய ஒலிவாங்கி
வானத்தைப் பார்த்தபடி.

வடகிழக்குக் காற்று தொடங்கிய மூன்றாம் இரவு
ரோந்து வந்த கைருல் கேட்டான்:
"அங்கிள், இது என்ன?"
பறவைகள் போகின்றன, என்றேன்.
டார்ச்சை மேலே அடித்தான்.
தெருவிளக்கில் மஞ்சள் பூத்த
மேகத்தின் அடிவயிறு.
"ஒன்றும் இல்லையே?"
இல்லைதான்.

கடவுச்சீட்டு, விசா, எல்லையற்ற வானம் என்று
யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.
நானும் வேலை அனுமதியில் வந்தவன்தான்.
நான் முகவருக்கு அழுததை
எந்தக் குருவியும் அழுததில்லை.

பத்தொன்பது வருடம் கப்பல் பட்டறையில்
இரும்பைத் தேய்த்துத் தேய்த்து
என் காதுக்கு மேல்மாடி காலி.
கொசு எனக்குப் பாடுவதில்லை.
ஈப்பிடிப்பான், கதிர்க்குருவி,
நூல்போல் கத்திக்கொண்டு போகிற எதுவும்
எனக்குச் சத்தமில்லை, படம்.
மறுநாள் கணினித்திரையில்
முழு இரவும் சாம்பல் துணியாய் விரியும்.
பேன் பார்ப்பதுபோல் பார்ப்பேன்.

இந்தத் தடித்த பட்டை யார்வீட்டுக் குளிர்சாதனமோ.
இந்தச் சரிவு, நாலு மணிக்கு
ஜோகூரிலிருந்து வேலைக்கு வரும் மோட்டார்சைக்கிள்.
வடிகால் தவளை இரண்டு மணிநேரம் விடவில்லை.
ஐந்துக்குப் பிறகு எல்லாம் குயில்,
அவன் உள்ளூர்க்காரன், அழித்துவிடலாம்.
மிச்சத்தில்
ஒற்றைக்கொம்புபோல் வளைந்தது உப்புக்கொத்தி.
ஒடிந்த நகக்கீறல் வக்கா.
பிறகு, ஒரே வரியில், சம இடைவெளியில்
ஏழு புள்ளிகள்:
சின்னக் கோட்டான்.

எழுத்தில்லாமல் புள்ளி மட்டும்.
மெய்யை இருட்டில் வைத்துக்கொண்டு
புள்ளியை என் வாளியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.
புள் என்றால் பறவை,
புள் என்றால் நிமித்தமும்.
இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது
இப்போதுதான் வேலைக்கு வருகிறது.

நவம்பர் ஆறு, காலை.
துப்புரவு செய்யும் ஷஃபிகுல்
ஐஸ்கிரீம் டப்பாவை நீட்டினான்.
எதிர் புளோக்கின் அடியில் கிடந்ததாம்.
நீலச் சிறகு, கறுப்பு முகம்,
வாலடியில் மட்டும் குங்குமம்.
ரத்தம் இல்லை. கழுத்து மட்டும்
எந்தப் பக்கமும் திரும்பச் சம்மதித்தது.
நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்
உறைபெட்டியில் வைத்தேன்.

அன்று மாலை இரவைத் திறந்தேன்.

மூன்று பன்னிரண்டு.
சாய்ந்து விழும் கோடு, விளிம்பில் பிசிறு.
ஆறுமணிக்குருவி.
பெயர் வைத்தவர்கள் அந்தியில் கேட்டவர்கள்;
கடல் தாண்டுகையில் அதற்கு ஏது மணி.
பதினெட்டு வினாடி கழித்து மறுபடி,
இன்னும் அடர்த்தியாய், இன்னும் பக்கமாய்.
பிறகு
மேலிருந்து கீழ்வரை, எல்லா அலைவரிசையிலும்
ஒரே கணத்தில்
மயிரிழை அகலத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு.

எந்தப் பறவையும் அப்படிக் கத்தாது.

செவிப்பொறியை மாட்டிக்கொண்டு கேட்டேன்.
டப்.
அதை மட்டும் என் காது முழுதாகக் கேட்டது.

பதிவேட்டில் வகை, நேரம், எண்ணிக்கை
என்று மூன்றே கட்டங்கள்.
வகை எழுதினேன். நேரம் எழுதினேன்.
எண்ணிக்கையில் ஒன்று என்று எழுதி
பேனாவை எடுக்காமல் இருந்தேன்.

அடுத்த வாரம் கைருல் வந்தான்.
ஐஸ்கிரீம் டப்பா கதை அவனுக்குத் தெரிந்திருந்தது,
ஷஃபிகுல் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.
டார்ச்சை அணைத்தான்.
வாளிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.
விமானம் ஒன்று இறங்கி முடிந்தது.
"இப்போ," என்றான்.
என்ன?
"மெல்லிசா, சாவிக்கொத்து மாதிரி. உங்களுக்குக் கேக்கல?"
விரல் வடக்கிலிருந்து தெற்காக
மெதுவாக நகர்ந்தது.
எனக்கு மேகம், மஞ்சள், கம்ப்ரெசர்.

நேரம்: ஒன்று நாற்பது.
எண்ணிக்கை: தெரியாது.
வகை என்ற இடத்தில் எழுதினேன்:
கைருல் கேட்டது.